போர் மோட்டார் எடுத்து இறக்குற கூலி: லெங்த் கணக்கு நியாயமா, அதிகமா?

மேட்டாங்காடு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் போர் தண்ணிய நம்பிப் பண்ணையம் பாக்குறவங்க எல்லாரும் கேக்குற கேள்விதான் இது. 600 அடி போர்ல இருந்து மோட்டார் எடுக்க வண்டி வந்தா ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துல சோலி முடிஞ்சிருது. ஆனா கூலி லெங்த்துக்கு, அதாவது மேல எடுக்கற பைப் ஒண்ணுக்கு, இவ்வளவுன்னு எண்ணி வாங்கறாங்க. அதை மணிக்கணக்காக்கிப் பாத்தா பெரிய படிப்பு படிச்சு ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்க சம்பளத்துக்குக் கிட்ட நிக்குது. அதே தோட்டத்துல பொழுதுக்கும் குனிஞ்சு களை எடுக்குற அம்மணிகளுக்கு அதுல ஒரு பங்குகூட இல்லீங்க. செய்யற வேலைக்கு மேல கூலி வாங்கற தொழில் இதுன்னு நான் சொல்றேன். போர் ஓட்டற ரிக் வண்டி, எரிஞ்ச மோட்டாருக்குக் கம்பி சுத்தற ரீவைண்டிங் பட்டறை, போர் போட எடம் சொல்ற பாயிண்ட் பாக்கறவங்க எல்லாமே இதுல சேத்திதான். இல்லைன்னு சொல்றவங்க கணக்கோட வாங்க.

செயின்புளாக்:
கணக்கோடவே வர்றேனுங்க. 5 எச்.பி. மோட்டார், ஒண்ணேகால் இஞ்சு ஜி.ஐ. பைப், 600 அடின்னு வெச்சுக்கலாம். பைப் ஒண்ணு 20 அடி. ஆக 30 லெங்த்.

ஒண்ணேகால் இஞ்சு மீடியம் பைப் மீட்டருக்கு 3 கிலோ 140 கிராம் சுமாருக்கு வரும். 600 அடிங்கறது 183 மீட்டர். பைப் மட்டுமே 575 கிலோ. பம்புக்கு மேல இருக்கற என்.ஆர்.வி. (தண்ணி திரும்பக் கீழ எறங்காமத் தடுக்கற வால்வு) நல்லா இருந்தா பைப்புக்குள்ள தண்ணி அப்படியே நிக்கும். மீட்டருக்கு ஒரு லிட்டர்னு அது ஒரு 180 கிலோ. மோட்டார், பம்பு, கேபிள் எல்லாம் சேத்தா 800 கிலோவத் தாண்டிரும். மொத லெங்த் எடுக்கறப்ப இத்தனையும் தொங்கறது, பைப்பக் கவ்விப் பிடிக்கற ரெண்டு இரும்புக் கிளாம்ப்லதான்.

வேலை எப்படி நடக்குதுன்னா, மேல் கிளாம்ப்ல கொக்கி மாட்டித் தூக்குவாங்க. அடுத்த கப்ளிங் (ரெண்டு பைப்பச் சேக்கற மரை), கேசிங் (மண்ணு சரியாம போருக்குள்ள எறக்குன வெளிக் குழாய்) வாய்க்கு ஒண்ணரை அடி மேல வந்ததும் நிறுத்தி, கப்ளிங்குக்குக் கீழ ரெண்டாவது கிளாம்ப் போட்டு ரெண்டு போல்ட்டும் முறுக்குவாங்க. மெதுவா இறக்கி, எடை முழுக்க அந்தக் கிளாம்ப்ல உக்காந்துருச்சான்னு பாத்துட்டுத்தான் மேல கைய வைக்கணும். பொறவுதான் ரெஞ்ச் போட்டுக் கழட்டறது. கழட்டுன உடனே அந்த லெங்த்துல நின்ன 6 லிட்டர் தண்ணி மொத்தமும் கை மேல, ரெஞ்ச் மேல, கீழ இருக்கற கிளாம்ப் மேலயே கொட்டும். எடையத் தாங்கிட்டு இருக்கறதும் அதே கிளாம்ப்தான். 15 வருசம் உள்ள கெடந்த பைப்புல துரு பத்தை பத்தையா இருக்கும். தண்ணி பட்டா அது சேறு மாதிரி வழுக்கும். கிளாம்ப் உள்பக்கப் பல்லு தேஞ்சிருந்தாலோ, போல்ட் மரை தேஞ்சு முறுக்கு நிக்கலைன்னாலோ பைப் வழுக்கி எறங்கிரும். கையால பிடிச்சு நிறுத்த முடியாதுங்க. நிறுத்தப் பாத்தா வெரல் போயிரும்.

இதையே 30 தடவை பண்ணணும். இறக்கறப்ப இன்னொரு 30. கூலிய லெங்த்துக்குப் பேசறது இதனாலதான். 200 அடி போரும் 900 அடி போரும் ஒரே சோலி இல்லீங்க.

மேட்டாங்காடு:
எடைய வண்டில இருக்கற வின்ச் தூக்குது, ஆளு தூக்கறதில்ல. அந்தக் காலத்துல முக்காலி நட்டு, செயின் புளாக் இழுத்து நாலு ஆளு நாள் முழுக்கப் பாடுபட்டாங்க, அதுக்குக் கூலி சரி. இப்ப மிசினு வந்தும் கூலி இறங்கலையே? அதச் சொல்லுங்க.

செயின்புளாக்:
மிசின் வந்ததுல நேரம் மிச்சம். அது தோட்டத்துக்காரருக்கும் மிச்சம்தானுங்க, மோட்டார் ஒரு நாள் நின்னா சொட்டுநீர்ல நிக்கற வாழையும் தக்காளியும் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். மத்தபடி செலவு இடம் மாறியிருக்கு. ஒரு எண்ணுக்காக மட்டும் சொல்றேன், இது யாரோட ரேட்டும் இல்ல. லெங்த்துக்கு எடுத்து இறக்க 200 ரூபாய்னு வெச்சா 30 லெங்த்துக்கு 6000. எடுக்க ஒருக்கா, ரீவைண்டிங் முடிஞ்சு இறக்க ஒருக்கா, ரெண்டு தடவை வண்டி வரணும். டீசலுக்கு 800, வயர் ரோப், கிளாம்ப், வண்டித் தேய்மானத்துக்கு 1200 எடுங்க. மீதி 4000. ஆளு நாலு. தலைக்கு ரெண்டு நடைக்கும் சேத்து 1000, நடைக்கு 500. இட்டேரியில (ரெண்டு பக்கமும் வேலி இருக்கற குறுகலான தடத்துல) வண்டி நுழையலைன்னா பழையபடி முக்காலிதான், அதுக்கு யாரும் ரெட்டைக் கூலி தர்றதில்ல.

மாசி, பங்குனி, சித்திரையில கூப்பிட்ட எடத்துக்குப் போக நேரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில மழை நல்லாப் பேஞ்சு கிணறு நெறஞ்சா வாரக்கணக்குல வண்டி நிக்கும். ரெண்டு மணி நேரத்த மட்டும் எடுத்து வகுத்தா எந்தத் தொழிலும் கொள்ளையாத்தான் தெரியும்.

வெள்ளகோவில் அம்மிணி:
செயின்புளாக் அண்ணன் சொன்ன எடைக் கணக்கு சரிங்க. ஆனா கூலி நியாயம்னா அதுக்குள்ள என்னென்ன அடங்கணும்னும் பேசணும்ல. மூணு விசயம் பெரும்பாலும் விட்டுப்போகுது.

மொதல்ல போர் வாய். பைப்பக் கழட்டிப் போட்டுட்டு மோட்டாரப் பட்டறைக்குத் தாட்டிவிட்டதும் எல்லாரும் கெளம்பிர்றாங்க. கேசிங் மேல ஒரு சாக்கு, அது மேல ஒரு கல்லு. உச்ச நீதிமன்றம் 2010-ல போட்ட வழிகாட்டுதல்லயே, பம்பு ரிப்பேருக்கு எடுத்திருக்கும்போது போர மூடாம விடக்கூடாதுன்னு தனியா இருக்கு. கேசிங்கச் சுத்தி அரை மீட்டருக்கு அரை மீட்டர் சிமெண்ட் மேடை, 30 செ.மீ. தரைக்கு மேல, 30 செ.மீ. கீழ, வாய்க்கு இரும்புத் தகடு வெல்டிங் இல்லைன்னா போல்ட் போட்டு மூடி. 2019 அக்டோபர்ல மணப்பாறைக்குப் பக்கத்துல நடுக்காட்டுப்பட்டியில ரெண்டு வயசுக் கொழந்தைய இழந்தோம். மோட்டார் எடுக்கற ஒவ்வொரு வண்டியிலயும் ஆறரை இஞ்சுக்கும் நாலரை இஞ்சுக்கும் ஒவ்வொரு போல்ட் மூடி கெடக்கணும். அதுக்கும் சேத்துத்தான் கூலி வாங்கணும், நாமளும் கேட்டு வாங்கணும்.

ரெண்டாவது, உள்ள உழுந்தா யார் பொறுப்பு? வேலை தொடங்கறதுக்கு முந்தியே பேசாம, உழுந்த பொறவு பேசுனா சண்டைதான். பைப் துருப்பிடிச்சு மரையிலயே முறிஞ்சா அது தோட்டத்துக்காரர் பொறுப்பு. கிளாம்ப் வழுக்குனா வண்டிக்காரர் பொறுப்பு. மேல வந்த பைப் முனையப் பாத்தாலே எதுனால உழுந்துச்சுன்னு தெரிஞ்சிரும்: மரை பிஞ்சு ஓரம் பல்லுப்பல்லா இருந்தா பைப் கோளாறு, முனை முழுசா இருந்து கிளாம்ப் பட்ட எடத்துல நீளமா கீறல் இருந்தா வழுக்கல்.

மூணாவது அந்த நாலு பேருக்கும் விபத்துக் காப்பீடு. அது இருக்கற குழுவுக்கு லெங்த்துக்கு 20 ரூபாய் சேத்துக் கொடுக்கலாம்னுதான் நான் சொல்லுவேன்.

மேட்டாங்காடு:
மூடி விசயம் நூத்துக்கு நூறு சரிங்க அம்மிணி. அதுல எனக்கு மறு பேச்சில்ல.

பாலிவயர்:
ரீவைண்டிங்கையும் சேத்தித்தான்னு மொதப் பதிவுல இருந்துச்சு, அதனால எழுதறேன். பட்டறைகள்ல அதிகமா வாங்கறவங்க இருக்காங்க. ஆனா அது கூலியில இல்ல, செம்புக் கம்பியில.

தண்ணி நிரப்புற மோட்டார்ல பாலி வயர் போகும், செம்பு மேல பிளாஸ்டிக் படலம் சுத்துன கம்பி. எண்ணெய் மோட்டாருக்கு எனாமல் கம்பி. பழைய சுத்த உருவறப்ப, மொதக் கம்பிச் சுருளப் பத்திரமா எடுத்து எண்ணணும்: எத்தனை சுத்து, என்ன கேஜ் (கம்பித் தடிமன்), எந்த சிலாட்ல (கம்பி உக்கார்ற பள்ளம்) நுழைஞ்சு எந்த சிலாட்ல வெளிய வருது. இத எழுதி வெக்காம வெட்டி எறிஞ்சுட்டு, பழக்கத்துல இருக்கற கணக்குக்குச் சுத்துனா அந்த மோட்டார் மறுபடி வர்றது உறுதி. சிலாட்டுக்குள்ள கம்பிய நுழைக்கறப்ப பாலி படலம் எங்கயாச்சும் ஒரு நூல் உரசியிருந்தாலும் தண்ணி அதுவழியா உள்ள போயிரும். மேல ஓட்டிப் பாத்தா தெரியாது. 500 அடி ஆழத்துல, அத்தனை தண்ணி அழுத்தத்துல, ரெண்டு மாசம் கழிச்சு கரண்டு தண்ணிக்குக் கசிஞ்சு எர்த் ஆகும். அதனால சுத்தி முடிச்சதும் ஸ்டேட்டர (கம்பி சுத்துன வெளிப் பாகம்) ராத்திரி முழுக்கத் தண்ணிலயே போட்டு வெச்சு, காலைல 500 வோல்ட் மெக்கர் (கரண்டு கசியுதான்னு காட்டற மீட்டர்) வெச்சுப் பாக்கணும். நேரம் அதுக்குத்தான் ஆகுது. காலைல கொடுத்துப் பொழுதோட வேணும்னு நிக்கறவங்களுக்கு இந்தச் சோதனை இல்லாமத்தான் மோட்டார் போகுது.

இப்ப, எங்க காசு அதிகமாப் போகுதுன்னு. பழைய செம்ப பட்டறையே எடுத்துக்கும். அதை எடை போட்டு பில்லுல கழிச்சாங்களான்னு பாருங்க. புதுக் கம்பி எத்தனை கிலோ போட்டாங்கன்னு கேளுங்க. பழசு, புதுசு எடையில பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. கம்மியா இருந்தா ஒண்ணு கேஜ் கொறைச்சிருக்காங்க, இல்ல சுத்து கொறைச்சிருக்காங்க. பாலி படலத்தோட எடையையும் மனசுல வெச்சுக்குங்க, எரிச்சு உருவுன பழைய கம்பில அது இருக்காது. மோட்டார வாங்கறப்ப மூணு பேசுக்கும் ரெசிஸ்டன்ஸ் ஒண்ணுபோல இருக்கான்னு உங்க முன்னாடியே மீட்டர் வெச்சுக் காட்டச் சொல்லுங்க. இதக் கேட்டாக் கோவிச்சுக்கற பட்டறை வேண்டாம்.

இன்னொண்ணு. சுத்து எரிஞ்சுதுன்னா அது எதுனால எரிஞ்சுதுன்னு சொல்றதுதான் ரீவைண்டிங்காரரோட பாதி வேலை. ஒரே பேஸ் மட்டும் நல்லா இருந்து மத்த ரெண்டும் கருகியிருந்தா, இல்ல ரெண்டு நல்லா இருந்து ஒண்ணு கருகியிருந்தா, லைன்ல ஒரு பேஸ் விட்டுப்போயிருக்குன்னு பாக்கணும். மூணும் ஒண்ணுபோல கருகியிருந்தா ஓவர்லோடு, இல்ல லோ வோல்டேஜ். கீழ எடையத் தாங்கற த்ரஸ்ட் பேரிங்கோட கார்பன் தேஞ்சு, உள்ள சுத்தற ரோட்டர் உக்காந்து ஸ்டேட்டர உரசியிருந்தா அது தண்ணியில்லாம ஓடுனதா, மணல் போனதான்னு கேக்கணும். இதச் சொல்லாம சுத்தி மட்டும் கொடுத்தா, அடுத்த வருசமும் அதே பில், அதே லெங்த் கூலி. செயின்புளாக்குக்கு மேட்டாங்காட்டுக்காரர் கொடுக்கற காசுல பாதி இப்படித் திரும்பத் திரும்ப எடுக்கறதுக்குப் போகுதுங்க.

மேட்டாங்காடு:
இது புது ரோசனை. கேபிள் பத்தி யாராவது சொல்லுங்க. 600 அடிக்கு ரெண்டரை ஸ்கொயர் (கம்பித் தடிமன், சதுர மி.மீ.) போதும்னு கடைக்காரங்க சொல்றாங்களே?

பாலிவயர்:
5 எச்.பி. மூணு பேஸுக்கு 12 ஆம்பியர் சுமாருக்கு எடுக்கும். போருக்குள்ள 600 அடி, ஸ்டார்ட்டர் வரைக்கும் கொஞ்சம், மொத்தம் 195 மீட்டர்னு வெச்சா ரெண்டரை ஸ்கொயர்ல 26 வோல்ட் வழியிலயே போயிரும். 4 ஸ்கொயர்ல 16 வோல்ட். கோடையில எல்லாத் தோட்டத்துலயும் ஒரே நேரத்துல மோட்டார் ஓடி, லைன்ல 380 வர்றப்ப, ரெண்டரை ஸ்கொயர்ல மோட்டார் பாக்கறது 354. வோல்டேஜ் கொறைஞ்சா ஆம்பியர் ஏறும், சூடாகும். தமிழ்நாட்டுல 1990-ல இருந்து பண்ணைய கரண்டு இலவசம், அதனால வழியில வீணாகற கரண்டு யார் கண்ணுக்கும் படறதில்ல. ரீவைண்டிங் பில்லாத்தான் அது நம்ம கைக்கு வருது.

பொள்ளாச்சித் தோப்பு:
கொஞ்சம் அக்கட்ட போறேன், மன்னிச்சுக்குங்க. கூலி அதிகம்னு எங்க பக்கம் எல்லாரும் சொல்றது தேங்காய் போட மரம் ஏறறவங்களத்தான். 60 அடி மரம், ஒரு நாளைக்கு 40 மரம்னு வெச்சா 2400 அடி ஏத்தம், அதே அளவு எறக்கம். 730 மீட்டர் சொச்சம். ஒவ்வொரு மரத்துலயும் மேல நின்னு பாளைய ஒதுக்கி, காஞ்ச மட்டைய வெட்டி, எந்தக் குலை முத்துனதுன்னு பாத்து வெட்டணும். எளங்குலைய வெட்டிட்டா அடுத்த வெட்டுல காய் இல்ல. 45 நாளைக்கு ஒருக்கா வெட்டு, ஆளு கெடைக்காம அது 60 நாளானா காய் தானா உழுந்து நெத்தாயிரும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல மரம் ஏறப் பயிற்சி கொடுக்க ஒரு திட்டமே தொடங்குச்சு, ஏன்னா ஏற ஆளே இல்ல. கெடைக்காத வேலையாளு கூலி ஏறத்தான் செய்யும். செயின்புளாக் அண்ணன் சோலியும் அந்த வகைதான்.

ரிக்காரன்:
திருச்செங்கோட்டு ரிக் வண்டிக இந்தியா முழுக்கப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அடி ரேட்டு 300 அடிக்கு மேல ஏன் ஏறுதுங்கறதுதான் எப்பவும் சண்டை. ஒரு கணக்குக்கு: 300 அடி வரைக்கும் அடிக்கு 100, அதுக்கு மேல ஒவ்வொரு 100 அடிக்கும் 10 ரூபாய் கூடுதல்னு வெச்சா, 1000 அடிக்கு 1,28,000 ஆகும். சராசரி அடிக்கு 128. தோட்டத்துக்காரர் மனசுல 100 இருக்கும், பில்லுல 1,28,000 இருக்கும். இத மொதல்லயே தாள்ல எழுதிக் காட்டாத வண்டி தப்புதான், அத நானே சொல்றேன்.

ஆனா ஏத்தம் சும்மா இல்லீங்க. ராடு ஒண்ணு 20 அடி. 1000 அடில உள்ள 50 ராடு. பாறைய ஒடைக்கற முனையான பிட்டுல கார்பைடு பொத்தான் ஒண்ணு பிஞ்சாலும் 50 ராடையும் கழட்டி மேல எடுத்து, மறுபடி 50-ம் மாட்டணும். அந்த நேரம் முழுக்க ஒரு அடிகூட எறங்காது. காத்தழுத்தம் வேற. 100 அடி தண்ணியத் தள்ள 43 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) வேணும். ஹேமருக்கு (ராடு முனையில காத்தழுத்தத்துல பாறைய இடிக்கற கருவி) மேல 700 அடி தண்ணி நின்னா 300 பி.எஸ்.ஐ. கம்ப்ரசர் அதைத் தள்ளவே முடியாது. ராடு மாத்தறப்ப தண்ணி ஏறிக்கும், ஒவ்வொரு தடவையும் அதை ஊதித் தள்ளிட்டுத்தான் பாறைய இடிக்க ஆரம்பிக்கும். டீசல் அங்கதான் போகுது.

கேசிங்ல மட்டும் ஏமாறாதீங்க. கெட்டிப் பாறை தொட்டு ரெண்டு, மூணு அடி உள்ள உக்காரணும். ரெண்டு லெங்த் மிச்சம் பண்ணப் பாத்தா மேல் மண் சரிஞ்சு பம்பு மேல உக்காந்துக்கும். பொறவு எந்த வின்ச்சுக்கும் வராது.

கல்லுமண்ணு:
இத்தனை பேர் கணக்குக் கொடுத்த பொறவும், மொதப் பதிவுல சொன்ன நாலாவது ஆளப் பத்தி யாரும் பேசலை. பாயிண்ட் பாக்கறவங்க.

என் எண்ணத்துல கூலி அதிகம்னு சொல்லத்தக்கது அது ஒண்ணுதான். தேங்காய உள்ளங்கைல வெச்சோ, வேப்பங்குச்சி பிடிச்சோ அரை மணி நேரம் நடந்து, "இங்க 650 அடில ரெண்டரை இஞ்சு தண்ணி"ன்னு சொல்றாங்க. தண்ணி வந்தா பேர் அவங்களுக்கு, வரலைன்னா நேரம் சரியில்ல. கிளாம்ப் வழுக்குனா செயின்புளாக் பதில் சொல்லணும், எர்த் ஆனா பாலிவயர் மறுபடி சுத்திக் கொடுக்கணும். இங்க லட்சக்கணக்குல போன பொறவும் பதில் சொல்ல ஆளில்ல.

நெறைய தடவை பலிக்குதேன்னு கேப்பீங்க. நம்ம பக்கம் அடியில கருங்கல் பாறை, மேல சிதைஞ்ச பாறை. அந்தச் சிதைவு ஈரத்துல 200, 300 அடிக்குள்ள கொஞ்சமாவது தண்ணி பல எடத்துல வரும். எங்க ஓட்டுனாலும் வந்திருக்கும், அத தேங்காய் கணக்குல சேத்துக்கறோம்.

மின்தடை முறையில பாக்கறவங்களும் எல்லாம் தெரிஞ்சவங்க இல்ல. நாலு கம்பி நட்டு, வெளி ரெண்டுல கரண்டு விட்டு, உள் ரெண்டுல வோல்ட் அளப்பாங்க. கம்பிகள அகட்ட அகட்ட ஆழம் தெரியும். சிதைஞ்ச பாறை எத்தனை அடி வரைக்கும்னு நல்லாவே சொல்லும். ஆனா களிமண்ணும் ஈரப்பாறை மாதிரியே காட்டும், 700 அடில இருக்கற ஒரு வெரல்கடை வெடிப்ப அது பாக்கவே பாக்காது. அதனால அளந்த எண்களத் தாளோட கொடுத்து, "இந்த ஆழத்துக்குக் கீழ எனக்குத் தெரியாது"ன்னு சொல்றவருக்குக் காசு கொடுக்கலாம். ஆழமும் இஞ்சும் சேத்துச் சொல்றவருக்குக் கூடாது.

பழைய பண்ணையம்:
அப்படி ஒரேயடியாச் சொல்லீறாதீங்க தம்பி. வயசானவங்க குச்சி பிடிச்சாலும் கண்ணு நெலத்த மேயும். எங்க கரையான் புத்து இருக்கு, எந்த வேம்பு கோடையிலயும் பசுமையா நிக்குது, பக்கத்துக் கிணத்துல ஊத்து எந்தத் தெசையில இருந்து வருதுன்னு எல்லாம் மனசுல வெச்சுத்தான் நடப்பாங்க. குச்சி பேருக்கு. அந்த அறிவுக்குக் கூலி இல்லையா?

கல்லுமண்ணு:
அந்த அறிவுக்குக் கட்டாயம் உண்டுங்கய்யா. ஆனா அது மேலாக்க இருக்கற தண்ணிக்குத்தான் சொல்லும், கிணத்துக்கு எடம் பாக்க நல்ல அறிவு. வேம்போட வேருக்கு 700 அடில என்ன இருக்குன்னு தெரியாது. 2024 ஆகஸ்டுல அத்திக்கடவு-அவினாசித் திட்டம் தொடங்கி 1,045 குளம் குட்டைக்குத் தண்ணி விடற ஏற்பாடு வந்துருக்கு. அந்தப் பக்கத்துத் தோட்டங்கள்ல இனிமேல் மேல் தண்ணியப் பாக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் வேலை அதிகம்.

மேட்டாங்காடு:
சரிங்க, மோட்டார் கூலில நான் போட்ட மணிக்கணக்க வாபஸ் வாங்கிக்கறேன். களையெடுக்கறவங்களுக்குக் கம்மியாக் கொடுக்கறோம்ங்கறது மட்டும் நிக்குது. அது செயின்புளாக் தப்பில்ல, எங்க தப்பு. கடைசியா ஒண்ணு: அடுத்த தடவை எறக்கறப்ப எதெதக் கிட்ட நின்னு பாக்கணும்?

செயின்புளாக்:
கேபிள 10 அடிக்கு ஒரு கட்டுக் கட்டறாங்களான்னு பாருங்க. தொளதொளன்னு விட்டா பம்புக்கும் சுவத்துக்கும் நடுவுல சுருண்டு, அடுத்த தடவை எடுக்கறப்ப சிக்கிக்கும். ஜாயிண்ட்ல மூணு வயரையும் ஒரே எடத்துல வெட்டாம மேல கீழ தள்ளி வெட்டணும், ரப்பர் டேப்ப இழுத்துச் சுத்தி அதுக்கு மேல பி.வி.சி. டேப். சுத்துன ஜாயிண்ட பக்கெட் தண்ணில முக்கி மெக்கர் பாத்துட்டுத்தான் எறக்கணும். கேசிங் வாயோட ஓரம் கேபிள அறுக்கும், சைக்கிள் டியூப் ஒண்ணு கிழிச்சு ஓரத்துல மாட்டச் சொல்லுங்க. வேலை நடக்கறப்ப பைப்பச் சுத்திச் சாக்கு இருக்கணும், ஒரு போல்ட் உள்ள போனாலும் பம்பு சிக்க அது போதும். முழுக்க எறக்குனதும் ஓட்டிப் பாத்து, தண்ணி கம்மியா வந்தா ரெண்டு பேஸ் மாத்திப் போட்டு மறுபடி பாருங்க, எதுல தண்ணி அதிகமோ அதுதான் சரியான சுத்து. வண்டி கெளம்பறதுக்கு முந்தி இத்தனையும் பாத்துருங்க. காசு அப்புறம் கொடுங்க.